புதுத் தங்கூசியில் தொங்கிய இரும்பு

வெள்ளிப் பூச்சு அடித்த தேங்காய் ஒன்றை மின்விசிறி மோட்டரில் செருகிச் சுழலவிட்டு, "இதுதான் இலத்திரன், எலெக்ட்ரோன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் ஸப்ரான். மதுரங்குளிச் சந்தியில் அவருக்கு மாடி வைத்த டியூஷன் நிலையம் இருக்கிறது. நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல, ஹஃபீலா டீச்சரைப் பற்றி. ஆனால் டீச்சரை நினைத்தால் அந்தத் தேங்காய்தான் முந்திக்கொண்டு கண்முன்னே சுற்றுகிறது. அதனால் முதலிலேயே அதைச் சொல்லித் துப்பிவிடுகிறேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது, ஹஃபீலா டீச்சர் உம்மாவின் வயிற்றில் இருந்தார். கிடுகுக் கொட்டிலில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் 'அகதிப் புள்ள' என்று பட்டம் வைத்திருந்தார்களாம். அந்தப் பட்டத்தை வைத்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பின்னாளில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கலியாணம். புருஷன் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்ப் போய், திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தார். முடித்த பிறகும் நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. வாய் கொஞ்சம் நீளம். பிழையான ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் ஏலாது. நேர்முகப் பரீட்சையிலும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் கற்பிட்டிக்குப் பக்கத்து உச்சமுனைக்காரன். வாப்பா கடலுக்குப் போகிறவர், உம்மா கருவாடு காயவைக்கிறவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அதுவும் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில்தான் டீச்சரோடு சேர்ந்து படிப்பிக்கப் போனேன். எங்கள் பக்கத்துப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. புத்தளம் டவுனுக்குப் பின்னேர வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டார் சம்மதிப்பதில்லை. அதனால் மத்ரஸா மண்டபத்தின் ஒரு மூலையை இரந்து வாங்கி, டீச்சர் அஞ்சாறு பெண்பிள்ளைகளுக்குத் தனியாகப் பௌதிகவியல் வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பு நின்றால் அவர்களுடைய விஞ்ஞானப் படிப்பும் அதோடு நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பிள்ளைகளில் ஃபஸ்னா என்று ஒருத்தி. கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவாள். ஒருநாள் ஸப்ரானுடைய போட்டோகொப்பி நோட்ஸைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். 'இலத்திரன் பூமியைப் போலத் தன்னைத் தானே சுற்றுகிறது. வலப்பக்கம் சுற்றினால் கூட்டல் அரை, இடப்பக்கம் சுற்றினால் கழித்தல் அரை' என்று அதில் இருந்தது.

"இது பொய்" என்றார் டீச்சர். "இலத்திரன் அப்பிடிச் சுத்துறல்ல."

"அப்ப எங்கட புத்தகத்துல ஏன் கோண உந்தம் எண்டு போட்டிரிக்கி டீச்சர்? சுத்தாத சாமானுக்கு எப்பிடிக் கோண உந்தம் வரும்?"

டீச்சர் நோட்ஸை மடித்து அவளிடமே கொடுத்தார். "எனக்கும் சரியா வெளங்கல்ல, மகள். வெளங்கினாப் பிறகு சொல்றன்."

தெரியாது என்று சொல்லுகிற ஆசிரியர்களை நான் அதிகம் கண்டதில்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சர் நேரே என்னிடம் வந்தார். "தம்பி, பெரிய கெம்பஸுல படிச்ச ஆள்தானே. சொல்லுங்க பாப்பம்."

சொன்னேன். இலத்திரனை ஒரு குட்டிப் பந்து என்று வைத்து, அளந்து கண்ட கோண உந்தம் வரும்படி அதைச் சுற்றவிட்டுக் கணக்குப் போட்டால், பந்தின் மேற்பரப்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகமாக ஓடவேண்டி வரும். அப்படி எதுவும் ஓடாது. மேற்பரப்பு என்று ஒன்று அதற்கு இருப்பதாக இதுவரை எந்தப் பரிசோதனையும் காட்டவும் இல்லை. பம்பரத்தை வேகமாகச் சுற்றலாம், மெதுவாகச் சுற்றலாம், பிடித்து நிறுத்தலாம். இலத்திரனிடம் இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ ஏலாது. எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் இரண்டே விடைதான், மேல்நோக்கி அரை அல்லது கீழ்நோக்கி அரை. நடுவில் ஒன்றும் இல்லை. குவாண்டம் பொறிமுறை சொல்வது, அது இலத்திரனின் பிறவிக் குணம் என்று. திணிவைப் போல, மின்னேற்றத்தைப் போல.

"சரி" என்றார் டீச்சர். "அப்ப கோண உந்தம் எண்டது சும்மா வெச்ச பேரா? விட்டுருவமா?"

"விட ஏலாது டீச்சர். அது நிசமாவே கோண உந்தம்தான்."

"எப்பிடித் தம்பி? நீங்களும் ஃபஸ்னாவ மாதிரி என்னப் போட்டுச் சுத்துறீங்க."

நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பரிசோதனையைச் சொன்னேன். இரும்பின் காந்தம் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் இலத்திரன்களின் இந்தக் குணத்தால்தான் வருகிறது. மெல்லிய இரும்புக் கம்பித் துண்டு ஒன்றை நூலில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சுற்றிவரச் செப்புக் கம்பிச் சுருள் வைத்து, மின்னோட்டத்தைத் திடீரென்று மறுபக்கம் திருப்பினால், இரும்புக்குள் எண்ணிக்கையில்லாத இலத்திரன்கள் மேல்நோக்கி என்பதிலிருந்து கீழ்நோக்கி என்று மாறும். வெளியிலிருந்து யாரும் கம்பியைத் திருகவில்லை. ஆகவே மொத்தக் கோண உந்தம் மாறக்கூடாது. இலத்திரன்களின் பங்கு மாறிவிட்டதால், அதை ஈடுகட்ட இரும்பு தானே மற்றப் பக்கம் கொஞ்சம் திரும்பியாக வேண்டும். தோணியில் ஒருவர் பின்னாலிருந்து முன்னால் நடந்தால் தோணி பின்னால் நகருமே, அது மாதிரி. இன்னொன்றும் உண்டு. மின்னேற்றம் ஒன்று வட்டமாக ஓடி அந்தக் காந்தத்தை உண்டாக்கியிருந்தால் எவ்வளவு திரும்ப வேண்டுமோ, அதில் பாதியளவுதான் இரும்பு திரும்பும். பந்து சுற்றுகிற கதை அந்த இடத்திலும் உடைகிறது.

டீச்சர் கையிலிருந்த வெண்கட்டியை மேசையில் வைத்தார். "சுத்தாத ஒண்டு இரும்பப் புடிச்சுத் திருப்புது. அல்லாஹ்வே! இத கண்ணால காட்டினாத்தான் அந்தக் குமரி அடங்குவாள்."

அந்தக் கிழமையே மண்டபத்தைத் திருப்பித் தரச் சொல்லி மத்ரஸா நிர்வாகம் ஆள் அனுப்பியது. ஓதும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும். நியாயமான விஷயம்தான், குறை சொல்ல ஏலாது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை.

இது எப்படியோ ஸப்ரானுடைய காதுக்கு எட்டியிருக்கிறது. வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அத்தர் வாசம் அவருக்கு முன்னால் மண்டபத்துக்குள் வந்தது. கதிரையில் உட்காருவதற்கு முன் கைலேஞ்சியால் அதைத் துடைத்தார். அவரும் எங்களைப் போல மீன்காரன் மகன்தான். அந்தத் துடைப்பைப் பார்த்ததுமே எனக்கு ஆள் பிடிக்காமல் போய்விட்டது.

"டீச்சர், புது பில்டிங் தொறக்கப் போறன். பொம்புளப் புள்ளயளுக்கு பௌதிகத்துக்குத் தனி ரூம். ஏசி. உங்கட புள்ளயள அப்பிடியே கூட்டிட்டு வாங்க, நீங்களே படிப்பிங்க. ஒரே ஒரு வேல, தொறப்பு விழாவுல ஒரு பரிசோதன செஞ்சு காட்டணும். சனம் வாயப் பொளக்கணும்."

"அதுக்கு உங்கட தேங்கா இரிக்கிதானே" என்றார் டீச்சர்.

"அத எல்லாரும் பாத்துட்டாங்க. புதுசா ஒண்டு வேணும்."

டீச்சர் இரும்புக் கம்பியைப் பற்றிச் சொன்னார். ஸப்ரான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நல்லம், நல்லம். எவ்வளவு சுத்தும்?"

"கம்பியில கண்ணாடிச் சில்லொண்டு ஒட்டி டோர்ச் அடிச்சா, சுவர்ல விழுற வெளிச்சம் ஒரு நகக்கண் அளவு அசையும்."

"நகக்கண்ணா?" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, பிரியாணி போட்டு ஊரக் கூப்பிட்டு நகக்கண்ணயா காட்டுற?"

"உண்ம அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"சரி டீச்சர், பாத்துச் செய்வம். அலங்காரத்த எங்கிட்ட விடுங்க."

அலங்காரம் என்றால் என்னவென்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் டீச்சர் வேலையில் இறங்கிவிட்டார். எரிந்துபோன கிணற்று மோட்டர் ஒன்றைப் பிரித்து எடுத்த செப்புக் கம்பியைத் தண்ணீர்க் குழாய்த் துண்டில் நானும் பிள்ளைகளும் சுற்றினோம். குழாய்க்குள் இரும்புக் கம்பி தொங்கினால் காற்றும் தாக்காது. பழைய பவுடர் டப்பாக் கண்ணாடியை உடைத்து ஒரு சில்லு எடுத்தோம். மின்னோட்டத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றும் சுவிட்ச் ஒன்றை நான் பூட்டினேன். தொங்கவிட நூல் வேண்டும். டீச்சருடைய அண்ணன் முபாறக் நானா கடல் தொழிலாளி. அவருடைய வாடியில், மீன்வலையும் எஞ்சினும் வைக்கும் அந்தக் கொட்டிலில், தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"புதுசக் கட்டிராதீங்க" என்றார் முபாறக் நானா.

"எனக்குத் தெரியாதா? நானும் இந்தக் கரையிலதானே வளந்த" என்றார் டீச்சர்.

இந்தக் கரையில் இது தெரியாத ஆள் கிடையாது. புதுத் தங்கூசி உருளையில் சுற்றிக் கிடந்த சுருளை மறக்காது. அப்படியே பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் முறுக்கு அவிழ அவிழப் பாரம் பம்பரம் மாதிரிச் சுற்றும். அதனால்தான் ஈயம் கட்டி, நனைத்து, நாள்கணக்காகத் தொங்கவிட்டு, நூல் அடங்கிய பிறகு பாவிப்பது. முபாறக் நானா தந்தது அப்படி அடங்கிய நூல். நிறம் மங்கி, கொஞ்சம் கவிச்சி அடித்தது.

ஸப்ரானுடைய மண்டபத்தில் எல்லாவற்றையும் பூட்டி, கம்பியைத் தொங்கவிட்டு, திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் ஒருமுறை பார்த்தோம். சுவிட்சைத் திருப்பினோம். சுவரில் வெளிச்சம் அசைந்தது.

"கண்டீங்களா தம்பி?"

"கண்டன் டீச்சர்."

"பொறுங்க." அவர் வயரைக் கழற்றினார். மின்சாரமே இல்லாமல் சுவிட்சை அமத்தினார். வெளிச்சம் அப்போதும் கொஞ்சம் அசைந்தது. யாரோ கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், காற்று. "இல்ல. இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. நூல் இன்னம் ஆறட்டும். நாளைக்குக் கதவப் பூட்டிட்டுப் பாப்பம்."

வெளியே வந்தபோதுதான் வாசலில் கட்டியிருந்த பெனரைக் கண்டோம். வெள்ளித் தேங்காயின் படம். கீழே பச்சை எழுத்தில், 'இலத்திரனும் தவாப் செய்கிறது.'

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஸப்ரான் ஏணிக்குப் பக்கத்தில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார்.

"சேர், அத கழட்டுங்க."

"ஏன் டீச்சர்? சனத்துக்குப் புடிக்கும்."

"கஃபாவச் சுத்துறத்துக்கு இலத்திரன் வந்து சாட்சி சொல்லத் தேவல்ல. அதோட இது பொய். பொய்யக் கொண்டுபோய் மார்க்கத்துல ஒட்டுறீங்க."

"நாளைக்கு ஒரு நாள்தானே டீச்சர். பொறகு கழட்டலாம்."

பிள்ளைகளின் ரூமை நினைத்து டீச்சர் அதற்கு மேல் மல்லுக்கு நிற்காமல் நடந்தார், எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் உம்மாமார் தஸ்பீஹ் மணி உருட்டும் கையால் இந்தப் பெனருக்கும் காசு போகப் போகிறது. பிள்ளையின் படிப்பு என்றால் வளையலைக் கழற்றிக் கொடுக்கிற சனம் இது. அந்த நம்பிக்கையைக் கருவாடு மாதிரிப் பிளந்து உப்புப் போட்டு விற்கிறான் ஒருவன், அத்தர் வாசத்தோடு.

மறுநாள் காலை, நாங்கள் மறுபடி சோதித்துப் பார்க்கும் முன்னே மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள், பின்னால் பெற்றோர், சுவரோரம் கடல் தொழிலாளிகள். பிள்ளைகள் ஒரு பக்கம் நின்றார்கள். முபாறக் நானாவும் வந்திருந்தார். கம்பி தொங்கிய குழாயைப் பட்டுத்துணியால் மூடி, மேலே பூமாலை போட்டிருந்தார்கள். குழாய்க்குக் கீழே நீண்ட கம்பி நுனியில் ஒட்டிய கண்ணாடிச் சில்லும், கம்பி ஆடாமல் இருக்க நாங்கள் முதல் நாள் செருகி வைத்த கடதாசித் துண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. கதவைப் பூட்டச் சொல்லி டீச்சர் கேட்டார், விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் டோர்ச் வெளிச்சம் கண்ணாடிச் சில்லில் பட்டுச் சுவரில் ஒரு பொட்டாக விழுந்தது.

டீச்சர் ஒலிவாங்கியில் நிதானமாகச் சொன்னார். இலத்திரன் பந்தைப் போலச் சுற்றுவதில்லை என்று சொன்னார். ஆனாலும் அதனிடம் கோண உந்தம் உண்டு என்றும், அது உண்மையான சரக்கு என்பதற்கு இந்த இரும்புதான் அத்தாட்சி என்றும் சொன்னார். "மிச்சம் சின்ன அசைவு. கண்ண எடுக்காமப் பாருங்க." பிறகு கடதாசித் துண்டை மெதுவாக உருவினார்.

வெளிச்சப் பொட்டு ஓடத் தொடங்கியது.

நகக்கண் அளவு இல்லை. சுவர் முழுக்க ஓடியது. முன்வரிசைத் தொப்பிகளைத் தடவி, பெண்கள் பக்கம் போய், பின்சுவரைச் சுற்றி மறுபடி வந்தது. பிறகும் வந்தது. வரவர வேகம் கூடியது. டீச்சருடைய விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அவர் அதை இன்னும் அமத்தவே இல்லை.

"சுப்ஹானல்லாஹ்!" என்று யாரோ கத்தினார்கள். மண்டபமே கைதட்டியது. போன்கள் எல்லாம் தலைக்கு மேலே எழும்பின. ஸப்ரான் கைகளை விரித்துக்கொண்டு மேடைக்கு நடுவே வந்தார்.

டீச்சர் பட்டுத்துணியை இழுத்து எறிந்துவிட்டு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். டோர்ச் வெளிச்சத்தில் நூல் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

"நூல மாத்தினது ஆரு?"

"நான்தான்" என்றார் ஸப்ரான், சிரித்த முகம் மாறாமல், பல்லுக்குள்ளால். "அது கவிச்சி நாறிச்சி டீச்சர். பெரிய மனுசர் வாற எடம். கடையில புதுசு வாங்கிக் கட்டின. பாருங்க, என்ன வடிவா சுத்துது!"

"அது இலத்திரன் இல்ல. தங்கூசி முறுக்கு விடுது."

"இரிக்கட்டுமே. சனம் சந்தோசமா இரிக்கி. விடுங்க."

டீச்சர் விடவில்லை. "கை தட்டாதீங்க" என்றார் ஒலிவாங்கியில். "இது பிழ." மண்டபம் அடங்கவில்லை. அவர் சுருளிலிருந்து வயரைக் கழற்றி இரண்டு முனைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "கரண்ட் இல்ல. பாருங்க. இன்னமும் சுத்துது. இது புதுத் தங்கூசி. உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான் இது. நான் காட்ட வந்தது இது இல்ல."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "கரண்ட் இல்லாமச் சுத்துதெண்டா எங்கட வள்ளத்துக்கு ஒண்டு பூட்டித் தாங்க டீச்சர்!" மண்டபம் வெடித்துச் சிரித்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தச் சிரிப்பு அல்ல. அதற்கு முந்திய கைதட்டல்தான். சுவரோரம் நின்றவர்களில் எத்தனை பேர் பால்குடி மறந்த நாள் தொடக்கம் தங்கூசி பிடித்தவர்கள்! வாடியில் இதே மாதிரி ஒரு பாரம் சுற்றியிருந்தால், "நூல் அடங்கல்ல" என்று ஏறிட்டும் பார்க்காமல் சொல்லியிருப்பார்கள். மேடையில் பட்டுத்துணிக்கு அடியில் சுற்றியதும் சுப்ஹானல்லாஹ் ஆகிவிட்டது. தங்கள் கண்ணைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் என் வாப்பாவின் கூட்டாளிமாரும் இருந்தார்கள். அதுதான் இன்னும் வெட்கம்.

ஸப்ரான் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "டீச்சருக்குக் கொஞ்சம் படபடப்பு. ஒண்டும் யோசிக்காதீங்க. இப்ப அடுத்த நிகழ்ச்சி!" விளக்கு எரிந்தது. வெள்ளித் தேங்காய் நிறநிறமான மின்குமிழ்களோடு சுற்றத் தொடங்கியது. கைதட்டல் முதலில் இருந்ததைவிடக் கூட. பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்த வாசமும் வந்துவிட்டது.

பின்பக்கம், சட்டி பானைகளுக்கு நடுவே, ஸப்ரான் டீச்சரிடம் வந்தார். எனக்கே ஆச்சரியம், அவர் கோபப்படவில்லை. கணக்குப் பார்க்கிற ஆள்.

"டீச்சர், நடந்தது நடந்துட்டு. வீடியோ நல்லா வந்திரிக்கி. கடைசிப் பகுதிய வெட்டிருவம். நீங்க ஒரே ஒரு வசனம் பேசித் தாங்க, 'இதுதான் இலத்திரன்ட சுழற்சி' எண்டு. ரூம் உங்கட."

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி அவர்கள் நின்றார்கள், ஃபஸ்னா முன்னால். அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்றார் ஸப்ரான் என்னிடம். "படிச்ச புள்ள. ஒரு வசனம்தானே?"

"எனக்குச் சத்தி வருது சேர்" என்றேன். வாந்தி என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

டீச்சர் மெதுவாகத்தான் பேசினார். "இந்தப் புள்ளயளுக்கு ரூம் வேணுமெண்டா நான் உங்கட வாசலக் கூட்டவும் ஆயத்தம் சேர். சட்டி கழுவச் சொன்னாலும் கழுவுவன். ஆனா இந்த வசனத்தச் சொல்லிட்டு அந்த ரூமுக்குள்ள போய் நிண்டு, அவளுகளுக்கு நான் என்னத்தப் படிப்பிக்கிற?"

"அப்ப ரூம் இல்ல."

"இல்லாட்டிப் போகட்டும்."

ஸப்ரான் தோளைக் குலுக்கிவிட்டு, பிரியாணிப் பக்கம் போனார். நாங்கள் சுருளையும் கம்பியையும் கழற்றிச் சாக்கில் போட்டோம். கழிவு வாளியில், வாழைப்பழத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே, முபாறக் நானா தந்த பழைய நூல் கிடந்தது. டீச்சர் கையைவிட்டு எடுத்து, முந்தானையால் துடைத்துச் சுருட்டினார்.

அவர் சொல்லாத வசனத்தை வேறு யாரோ சொன்ன குரலோடு அந்த வீடியோ அன்று பின்னேரமே போன் போனாகப் போனது. 'கற்பிட்டிச் சகோதரி நிரூபித்த இலத்திரன் சுழற்சி. பகிருங்கள், நன்மையை அள்ளுங்கள்.' என் சொந்த மாமி எனக்கே அனுப்பினார். நிலையத்தின் புதுப் பெனரில் சுவிட்சின் மேல் ஒரு கை இருக்கிறது. முகம் இல்லை, கை மட்டும். அது டீச்சருடைய கை. பஸ்ஸில் அந்தச் சந்தியைத் தாண்டும்போதெல்லாம் நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

வகுப்பு நிற்கும் என்றுதான் நினைத்தேன். பெற்றோரில் சிலர் பிள்ளைகளை ஸப்ரானிடம் மாற்றிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசினார்கள். டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். சில வீட்டில் கதவு திறந்தது, சில வீட்டில் "மேடையில மானத்த வாங்கின டீச்சர்தானே" என்றார்கள். கடைசியில் முபாறக் நானா தன் வாடியில் பாதியை ஒதுக்கித் தந்தார். வலையை ஒரு பக்கம் தள்ளி, எஞ்சினைச் சாக்கால் மூடி, உட்கார இரண்டு வாங்கு போட்டோம். மிஞ்சி வந்தது ஃபஸ்னாவும் இன்னும் இரண்டு பேரும். ஈ மொய்க்கும். கருவாட்டு நாற்றம் புத்தகத்தில்கூட ஒட்டும்.

"டீச்சர், என்ட அபாயா முழுக்கக் கருவாடு. பஸ்ஸுல ஒருத்தரும் பக்கத்துல இருக்கிறாங்க இல்ல" என்றாள் ஃபஸ்னா.

"நல்லம்தானே. சீட் முழுக்க உனக்கு."

பழைய நூலில் கம்பியை மறுபடி தொங்கவிட்டோம். யாரும் தொடாமல் அது கிடந்து அடங்கியது. டீச்சர் ஒவ்வொரு நாளும் வந்தவுடன் அதைத்தான் பார்ப்பார். ஒருநாள் மத்தியானம், காற்று விழுந்து கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்த நேரம், "இண்டைக்குப் பாப்பம்" என்றார். கதவைச் சாத்தினோம். சாக்கால் ஓட்டைகளை அடைத்தோம். உள்ளே புழுக்கம், வியர்வை, நாற்றம். சுவரில் ஒட்டிய கடதாசியில் வெளிச்சப் பொட்டு அசையாமல் நின்றது.

டீச்சர் சுவிட்சைத் திருப்பினார். பொட்டு ஒரு நூலிழை நகர்ந்தது. கண்டோமா இல்லையா என்று சொல்ல ஏலாத அளவு. அது அந்தப் பக்கம் போய்த் திரும்பும் தருணத்தில் மறுபடி திருப்பினார். ஊஞ்சலை ஆட்டுவது போல, அதனுடைய அசைவுக்கு இசைவாக, திரும்பத் திரும்ப. பொட்டின் ஓட்டம் மெல்ல மெல்ல வளர்ந்தது. அரிசியளவு ஆனது. பிறகு நகக்கண் அளவு.

பட்டம் எடுக்கும்வரை புத்தகத்தில் மட்டும் படித்திருந்ததை, கருவாட்டு வாடியில் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரும்பை வெளியிலிருந்து எதுவும் திருகவில்லை. உள்ளே எதுவும் பந்தாகச் சுற்றவும் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அது மாறினால் இரும்பு பதில் சொல்கிறது.

கைதட்டல் இல்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் ஃபஸ்னாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கடதாசிக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"டீச்சர், இதும் தங்கூசியா இருந்தா? வயரக் கழட்டுங்க."

டீச்சர் அவளை முறைத்தார். பிறகு சுவிட்சை விட்டுவிட்டு விலகி நின்றார். "நீயே கழட்டு. கழட்டிட்டு, நான் அமத்தின மாதிரியே அமத்து."

ஃபஸ்னா வயரைக் கழற்றி வாங்கில் வைத்தாள். மின்சாரம் இல்லாத சுவிட்சை அதே தாளத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினாள். பொட்டின் ஓட்டம் குறைந்தது. நகக்கண் அரிசியானது. அரிசி நூலிழையானது. கடைசியில் நின்றே விட்டது. அவள் வயரை எடுத்து மறுபடி பூட்டினாள், முழங்காலிட்டு, எங்களை மறந்துபோய், சுவிட்சில் விரலை வைத்தாள்.